இடது மரை வேண்டாம் என்றேன்

"ஏஞ்சாமி, இதைக் கொஞ்சம் திருப்பிக் குடுங்க" என்று அந்தப் பெண் ஸ்பேனரை என்னிடம் நீட்டினார்.

பரமத்தி வேலூரை அடுத்த வாய்க்கால் கரை. மழை விட்ட மறுநாள் காலை. ஈரச் சாக்கு சுற்றிய வெற்றிலைக் கட்டுகளோடு சைக்கிள் கனத்த ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தது. பின்சக்கரத்தில் காற்று இல்லை. வெற்றிலையின் காரமும் வாழைத்தோப்பின் ஈரமும் கலந்து ஒரு வாசனை.

நான் குனிந்து, பின்சக்கரத்தின் இடப்பக்கம் இருந்த போல்ட்டின் தலையில் ஸ்பேனரை மாட்டி அழுத்தினேன். அசையவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி அழுத்தினேன்.

"அந்தப் பக்கமில்லீங்க சாமி. இது எதிர்ப்பக்கம் கழலுமுங்க" என்றார். "எல்லாரும் மொதல்ல இப்படித்தான் திருப்புவாங்க."

எல்லாரும் திருப்பலாம். நான் திருப்பியிருக்கக் கூடாது. அந்த போல்ட்டில் இருப்பது எதிர்த்திசையில் திருகும் இடது மரை என்று எனக்குத் தெரியும். அவர் பெயர் ராசாத்தி என்பதும், அவர் ஏன் முன்பின் பார்த்திராத ஒரு கிழவனிடம் ஸ்பேனரை நீட்டினார் என்பதும் தெரியும். அவருடைய வலது மணிக்கட்டு முழுதாகத் திரும்பாது. சைக்கிளிலிருந்து விழுந்து முறிந்த கை அது. அவர் விழுந்ததற்குக் காரணம் நான். அது அவருக்குத் தெரியாது.

நான் எழுதிவரும் இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகி போன வாரம் கடிதம் எழுதியிருந்தார். நான் யாரைப் பற்றியும் ஒரு குறைகூடச் சொல்வதில்லையாம். பொறாமை அறியாத மனிதர் என்று என் எழுத்திலேயே தெரிகிறதாம். அந்தக் கடிதத்தை மேசைமேல் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

இரண்டு மாப்பிள்ளைகள்

சவரிமுத்து என் சகலை. என் மனைவி பிலோமினாவின் தங்கை ரோஸைக் கட்டியவர். நான் சேலத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் முப்பது வருஷத்துக்கு மேல் இயந்திரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன், சூரமங்கலத்தில் வீடு. அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். நாமக்கல் லாரிப் பட்டறையில் வண்டிக்கு அடியில் படுத்து வேலை கற்று, பிறகு பரமத்தி வேலூரில் சொந்தமாக ஒரு லேத் பட்டறை போட்டவர்.

கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மாமனார் வீட்டில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இலை. கறித்துண்டை மாமியார் எண்ணாமல் எண்ணிப் போடுவார். ஒருவருக்குக் கூடிவிடக் கூடாது. "பெரிய மாப்பிள்ளை படிச்சவரு" என்று என்னை வந்தவர்களிடம் காட்டுவார். அடுத்த நிமிஷம், "சின்ன மாப்பிள்ளை, இந்த மிக்ஸி ரெண்டு நாளா ஓடல சாமி, என்னன்னு பாருங்க" என்பார். அந்த வீட்டில் 'படிச்சவர்' என்ற சொல்லுக்கு, எதற்கும் கூப்பிட வேண்டியதில்லாதவர் என்று மெல்ல மெல்ல அர்த்தம் ஆகிப்போனது.

எனக்குச் சவரிமுத்துவின் கைகள் மேல் பொறாமை. மண்ணெண்ணெயும் சோப்பும் மணக்கும் கைகள். சாப்பிட்டு எழுந்ததும் வெறுந்தரையில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிடுவார். அந்த மத்தியானத் தூக்கத்தின் மேலும் பொறாமை. நான் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, படிக்காத பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருப்பேன்.

அண்ணன் தம்பிக்குள் பொறாமை வந்தால் ரத்தம் என்று ஒரு சாக்காவது சொல்லலாம். சகலைகளுக்கு நடுவே இருப்பது ஒரே வீட்டுச் சோறுதான். அதைத் தின்றுகொண்டே நான் அவரை அளந்துகொண்டிருந்தேன்.

லாரிக்கடியில் கிடைத்த யோசனை

சக்கரத்தின் நடுவே கம்பிகள் எல்லாம் வந்து சேர்கிற குடத்தை சைக்கிள் கடையில் ஹப் என்பார்கள். பின்சக்கர ஹப்பில் வலப்பக்கம், செயின் மாட்டும் பல்சக்கரம் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். எடை தாங்கும் பேரிங்கோ அதற்கு உள்ளே தள்ளி இருக்கும். ஆகவே வலப்பக்க அச்சில் ஒரு துண்டுக்குத் தாங்கல் கிடையாது. ஆள் மட்டும் போகிற சைக்கிளுக்கு இது ஒன்றும் செய்யாது. கொடிக்காலிலிருந்து, அதாவது வெற்றிலைத் தோட்டத்திலிருந்து, கட்டுகளை ஏற்றுகிற சைக்கிளில், அச்சு சரியாக அந்த இடத்தில்தான் வளையும். வளைந்து வளைந்து ஒருநாள் முறியும்.

பஞ்சரானால் வேறொரு தொல்லை. சக்கரத்தைக் கழற்ற வேண்டுமானால் செயினைக் கையால் தூக்கி எடுத்தாக வேண்டும். கையெல்லாம் கிரீஸ். அந்தக் கையோடு வெற்றிலைக் கட்டைத் தொட்டால் போயிற்று. கிரீஸ் பட்ட வெற்றிலையை எந்த வியாபாரியும் வாங்கமாட்டார். வாயில் போடுகிற பொருள் அல்லவா.

சவரிமுத்து இதை லாரிக்காரராகப் பார்த்தார். லாரியின் பின்பக்கத்தில் எடையைத் தாங்குவது ஒன்று, சக்கரத்தைச் சுழற்றுவது இன்னொன்று. சுழற்றுகிற தண்டை முழுதாக உருவி வெளியே எடுத்துவிட்டாலும் வண்டி சக்கரத்தின் மேல் அசையாமல் நிற்கும். அதையே அவர் சைக்கிளுக்குக் கொண்டுவந்தார். பல்சக்கரத்துக்குத் தனியாக ஒரு பேரிங் கொடுத்து, சைக்கிள் சட்டத்தோடு வலப்பக்கம் நிரந்தரமாக நிறுத்தினார். சக்கரத்தின் ஹப் தன் சொந்த பேரிங்குகளின் மேல் உருளும். இரண்டும் மூன்று தடித்த பற்களால் கோத்துக்கொள்ளும். இடப்பக்கத்திலிருந்து ஒரே ஒரு நீண்ட போல்ட் எல்லாவற்றையும் இழுத்துப் பிடிக்கும். போல்ட்டை உருவினால் சக்கரம் மட்டும் கையோடு வந்துவிடும். பல்சக்கரமும் செயினும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஒரு கிறிஸ்துமஸ் அன்று மாமனார் வீட்டு வாசலில் அவர் இதைச் செய்துகாட்டினார். சக்கரத்தைக் கழற்றி மாட்டிவிட்டு, மாமியார் முன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தார். ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லை. தெருவே சிரித்தது. மாமியார் அந்தக் கைகளைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

லாரியின் அந்த அச்சை நான் வருஷம் தவறாமல் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். தண்டுக்கு மஞ்சள் சாக்பீஸ், பேரிங்குக்குச் சிவப்பு. தேர்வில் ஒவ்வொரு முறையும் வரும் என்று அடிக்கோடு போட்டிருக்கிறேன். வகுப்பு முடிந்ததும் கையைத் தட்டிக்கொண்டு சைக்கிளில்தான் வீட்டுக்கு வருவேன். பலகையில் இருந்ததும் என் காலடியில் இருந்ததும் ஒருநாளும் என் மண்டைக்குள் சந்திக்கவில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது பிலோமினாவிடம், இது ஒன்றும் புதிதில்லை, சில பெரிய மோட்டார் சைக்கிள்களில் இதுபோல ஏற்கெனவே உண்டு என்றேன்.

"அப்புறம் நீங்க ஏன் சைக்கிள்ல பண்ணல?" என்று கேட்டுவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒரு கேள்வி, ஒரு பதில்

அடுத்து வந்த தேர்த்திருவிழாவில் பங்குச் சாமியார், வெளியூரிலிருந்து வந்திருந்த இன்னொரு சாமியாரிடம் என்னை அறிமுகப்படுத்தினார். "இவர் நம்ம சவரிமுத்துவோட சகலை." அவ்வளவுதான். என் படிப்பு இல்லை, வேலை இல்லை. பொரி வாங்கிக்கொண்டிருந்த கையோடு நின்றேன்.

அதற்குச் சில வாரம் கழித்து சவரிமுத்து சூரமங்கலம் வந்தார். கொடிக்கால்காரர்கள் பத்துப் பேர் கேட்டிருக்கிறார்கள், பத்து ஹப் செய்யப்போகிறேன், அளவெல்லாம் போட்டு முறையாக ஒரு வரைபடம் வேண்டும் என்றார். அவர் கொண்டுவந்தது காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் போட்ட படம். அளவுகள் அத்தனையும் சரியாக இருந்தன. எங்காவது தப்பு இருக்கிறதா என்று நான் இரண்டு முறை தேடினேன்.

காபியைக் குடித்துக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க சகலை, அந்த லெஃப்ட் சைடு போல்ட்டு. பழைய லாரியில லெஃப்ட் சைடு நட்டுக்கெல்லாம் லெஃப்ட் மரைதான் போடுவாங்க. இதுக்கும் அப்படிப் போடோணுமுங்களா?"

போடத்தான் வேண்டும். முன்னோக்கி ஓடும் சக்கரத்தை இடப்பக்கம் நின்று பார்த்தால் அது இடஞ்சுழியாகச் சுற்றும். சாதாரண மரை கழல்கிற திசையும் அதுதான். அவருடைய அமைப்பில் சக்கரத்தின் இழுவை அந்த போல்ட்டுக்கும் போகும். நாள்தோறும் துளித்துளியாகத் தளர்த்திக்கொண்டே இருக்கும். இடது மரையாக இருந்தால் அதே இழுவை அதை இறுக்கும். சைக்கிளின் இடது பெடலைக்கூட இடது மரையில்தான் மாட்டுகிறார்கள். என் சைக்கிள் அப்போது வாசலில்தான் நின்றது. எழுந்து நாலடி நடந்து பெடலைக் காட்டியிருந்தால் போதும்.

"வேண்டியதில்லை" என்றேன். "லாரி எடை வேற, சைக்கிள் எடை வேற."

"நீங்க சொன்னாச் சரிங்க" என்றார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி. இடது மரை போடும் கருவியை அவர் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்திருக்க வேண்டும். அந்த அலைச்சல் மிச்சம்.

அது வாய் தவறி வந்த பதில் இல்லை, மறதியும் இல்லை. யாருக்கும் அடிபட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை என்பது உண்மை. அதைச் சொல்வதால் என் குற்றம் குறைந்துவிடாது. போல்ட்டுகள் தளர வேண்டும், பத்துப் பேரும் முணுமுணுத்துக்கொண்டு ஹப்பைத் திருப்பித் தர வேண்டும், 'இதைப் பெரிய மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்' என்று மாமியார் சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியம் என் காதில் விழுந்தால் போதும் என்றிருந்தது. சவரிமுத்து என்னைத்தான் கேட்டார் என்பதைக்கூட அந்த ஆசை மறைத்துவிட்டது.

வரைபடத்தை மூன்று நாள் உட்கார்ந்து போட்டேன். என் வாழ்நாளில் நான் போட்ட மிக அழகான படம் அது. கீழ் மூலையில் 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் கையெழுத்தும் போட்டேன்.

பாலத்து ஏற்றம்

பத்து ஹப்பும் ஓடத் தொடங்கின. நான் வாரத்துக்கு இரண்டு முறை ரோஸுக்குப் போன் செய்து எப்படி ஓடுகிறது என்று கேட்பேன். நன்றாக ஓடுகிறது மாமா என்பாள். பஞ்சரானால் பாரத்தை இறக்காமலே ஸ்டாண்டில் நிறுத்தி டியூப் மாற்றிவிடுகிறார்களாம். ஒருவருக்கும் அச்சு வளையவில்லையாம். ராசாத்தி என்ற பெண், தன் கட்டில் ஒரு இலைகூட இப்போது கழிவதில்லை என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறாளாம். "நீங்க இவ்வளவு அக்கறையா கேக்கறது அவருக்கு ரொம்ப சந்தோசம்" என்பாள் ரோஸ்.

சவரிமுத்துவின் சைக்கிளில் குறை தெரியவே தெரியாது. லாரிப் பட்டறைக்காரர்களுக்கு ஒரு பழக்கம். காலையில் வண்டி எடுக்குமுன் ஒவ்வொரு நட்டையும் தட்டிப் பார்த்து இறுக்குவார்கள். அவர் தன் சைக்கிளுக்கும் அதைச் செய்தார். கொடிக்காலில் விடியுமுன் இலை கிள்ளப் போகிறவர்கள் யார் நட்டைத் தட்டிப் பார்ப்பார்கள்? இதையும் நான் யோசித்துத்தான் வைத்திருந்தேன்.

ஒருநாள் மத்தியானம் ரோஸே கூப்பிட்டாள். வாய்க்கால் பாலத்தின் ஏற்றத்தில் ராசாத்தி எழும்பி நின்று மிதித்திருக்கிறார். தளர்ந்துபோன போல்ட்டால் பற்கள் பிடியை விட்டு, பெடல் வெறுமனே சுற்றியிருக்கிறது. பாரத்தோடு சரிந்து, பாலத்தின் கைப்பிடிச் சுவருக்கும் சைக்கிளுக்கும் நடுவே கை மாட்டிக்கொண்டது. மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. வெற்றிலையை எண்ணி அடுக்கிக் கட்டுகிற கை.

சவரிமுத்து அன்று மாலையே கிளம்பி, மீதி ஒன்பது ஹப்புகளையும் கொடிக்கால் கொடிக்காலாகப் போய்த் தானே கழற்றிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் ராசாத்தியின் வீட்டாரோடு உட்கார்ந்திருந்தார். யாரும் அவரைத் திட்டவில்லையாம். தேடிவந்து தப்பை ஒத்துக்கொள்கிற மனுஷன் என்று உட்காரவைத்து டீ கொடுத்தார்களாம். இதைக் கேட்டபோது எனக்குள் எழுந்தது இரக்கமில்லை. விழுந்த இடத்திலும் இவனுக்கு மரியாதையா என்ற அதே எரிச்சல். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் அதுதான் நடந்தது.

அவர்களிடம் அவர் சொன்ன சமாதானம் இது: "சேலத்துல எங்க சகலை, பெரிய படிப்புப் படிச்சவரு. அவரே பார்த்தாருங்க. அவருக்கே தெரியல."

கழற்றிவந்த ஹப்புகளை மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்திருக்கிறார். எல்லா போல்ட்டும் ஒரே பக்கம் தளர்ந்திருந்தன. கோயம்புத்தூர் போய்க் கருவி வாங்கிவந்து, அத்தனைக்கும் இடது மரை போட்டார். முதல் ஹப்பை, கையில் மாவுக்கட்டு பிரித்திருந்த ராசாத்தியிடம் கொண்டுபோய், வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றாராம். பிறகு என்னிடம் போனில் சொன்னார்: "லெஃப்ட் மரைதானுங்க சகலை. ரெண்டு பேருக்குமே அன்னைக்குத் தோணாமப் போச்சு பாருங்க."

அவருக்குத் தோன்றியிருந்தது. கேட்டும் இருந்தார். மறந்துவிட்டாரா, எனக்காக மறைத்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

நம்பாதவரும் நம்பியவரும்

சில மாதங்களுக்கு முன் அவர் பட்டறைக்குப் போய், அன்று தெரிந்தேதான் வேண்டாம் என்றேன் என்று சொல்லிவிட்டேன். லேத் ஓடிக்கொண்டிருந்தது. காதில் விழவில்லையோ என்று இன்னொரு முறை சொன்னேன். அவர் லேத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"சும்மா இருங்க சகலை. தெரிஞ்சிருந்தா நீங்க சொல்லாம இருப்பீங்களா? என் தப்பை எதுக்கு நீங்க இழுத்துப் போட்டுக்கறீங்க?"

எத்தனை விதமாகச் சொல்லியும் நம்பவில்லை. ஒருவனைச் சந்தேகப்படவே தெரியாத அந்த மனதின் மேலும் எனக்குப் பொறாமை வந்தது. இந்த வயதில், அந்த நேரத்தில்கூட.

ரோஸ் என்னை பஸ் ஏற்றிவிட வந்தாள். நிறுத்தத்தில் நின்றதும், "அவரு நம்ப மாட்டாருங்க மாமா. நான் நம்பறேன்" என்றாள்.

எப்போதிருந்து என்று கேட்டேன்.

"ராசாத்தி உழுந்த அன்னைக்கு நான் போன் பண்ணினனே. உழுந்துட்டா, கை முறிஞ்சுபோச்சுன்னதும் நீங்க எந்தக் கைன்னு கேட்டீங்க. எப்படி உழுந்தான்னு கேக்கவே இல்ல. அதை நானாத்தான் சொன்னேன்."

பஸ் வந்துவிட்டது. அவள் வாய்க்கால் பக்கம் கையைக் காட்டினாள். "அவருகிட்டச் சொன்னது பத்தாதுங்க. கொடிக்கால் அந்தப் பக்கந்தான் இருக்குது." பிலோமினாவுக்கு இதை அவள் ஏன் சொல்லவில்லை என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

அதன் பிறகு மூன்று முறை அந்தக் கரைவரை போனேன். தூரத்தில் ராசாத்தி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவது தெரியும். மூன்று முறையும் திரும்பிவிட்டேன். நாலாவது முறை சைக்கிள் பஞ்சராகி, அவரே என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

ஸ்பேனர்

எதிர்ப்பக்கம் திருப்பினேன். போல்ட் முனகிக்கொண்டு இளகியது. அவர் சக்கரத்தை உருவினார்; செயின் இருந்த இடத்திலேயே இருந்தது. வலது கையை ஒரு முட்டுக்கட்டை போலச் சக்கரத்தில் ஊன்றிக்கொண்டு, எல்லாவற்றையும் இடது கையாலேயே செய்தார். பழைய டியூப்பை உருவி மாற்று டியூப்பைச் செலுத்தியதும், நான் பம்ப் அடித்தேன். நடுவில் ஒரு கட்டின் சாக்கு விலகியது. கையைத் துடைக்காமலே இலையைத் தொட்டு உள்ளே தள்ளிவிட்டார். துடைக்கக் கையில் கிரீஸே இல்லை.

சக்கரத்தை மாட்டிவிட்டு, இறுக்கச் சொல்லி மறுபடி ஸ்பேனரை நீட்டினார்.

"இதுல மொத வேற மரை இருந்துச்சுங்க" என்றார். "அதுலதான் எங்கையி இப்படி ஆச்சு. சேலத்துச் சாரு ஒருத்தரு பார்த்தும் தெரியாமப் போச்சாமா. அவரு மேல என்னங்க தப்பு, தெரிஞ்சாச் சொல்லியிருப்பாரு."

"அந்தச் சார் நான்தானுங்க" என்றேன். "எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொல்லல."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார். ஒரு மொபெட் ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைக் கடந்து போனது.

"அப்ப நீங்களே இறுக்குங்க" என்றார்.

இறுக்கினேன். இந்த முறை கை சரியான பக்கம் போனது. முழங்கை நடுங்கும்வரை அழுத்தினேன். இதற்குமேல் ஒரு இழைகூடப் போகாது என்று தோன்றியபின் ஸ்பேனரைக் கொடுத்தேன்.

அவர் அதை வாங்கி, குந்தி உட்கார்ந்து, இடது கையால் போல்ட்டில் மாட்டினார். உடம்பை முழுதும் அதன்மேல் சாய்த்தார்.

போல்ட் இன்னும் கால் சுற்று இறுகியது.